ஆற்றங்கரையில் ஒரு தோட்டம்
ஆக்டேவியா ஹில் அம்மையாரின் சரித்திரம்

நதிக்கரைகளில் ஆலைகளும் பண்டசாலைகளும் எழுந்த காலம் ஒன்று. அவை ஓய்ந்து, மதில் இடிந்து, பாழ்பட்டுக் கிடக்கும் காலம் மற்றொன்று. சரக்குகள் படகில் வந்து படகில் போன வரையில் ஆற்றோரத்து நிலம் வியாபாரிகளுக்குப் பொன்னாக விளங்கிற்று. ரயிலும் மோட்டாரும் ஆழ்கடலில் மட்டுமே செல்லவல்ல பெருங்கப்பல்களும் வந்த பின்னர் அந்நிலம் கவனிப்பாரற்றுப் போயிற்று. ஆயினும் நகரத்தின் நடுவிலுள்ள நிலம் நெடுநாள் அவ்வாறு கிடப்பதில்லை. நீரின் காட்சிக்கும் காற்றுக்கும் விலை வைப்போர் விரைவில் வந்து சேருகின்றனர். அப்பொழுது ஒரு விபரீதம் நிகழ்வதை உலகெங்கும் காண்கிறோம். ஆலைப்புகையைத் தலைமுறை தலைமுறையாகச் சுவாசித்து அங்கே வாழ்ந்த ஏழை ஜனங்கள், புகை நீங்கிக் காற்று தூயதாகிய பிறகு அவ்விடத்தில் இருக்க யோக்கியதையற்றவர்களாகி விடுகிறார்கள். துன்பத்தை அனுபவித்தவர் ஒருவர், இன்பத்தை அனுபவிப்பவர் வேறொருவர் என்ற இந்த அநீதிக்குப் பரிகாரம் உண்டா? உண்டு என்று லண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், 1887-ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்மணி காரியத்தில் காட்டியிருக்கிறார். அவருடைய சரித்திரத்தை நம் நேயர்களுக்கு எடுத்துரைப்பது இன்று பயன்தரும் என்று நாம் கருதுகிறோம்.

ஆக்டேவியா ஹில் அம்மையார் 1838-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தின் விஸ்பெக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையாருக்கு எட்டாவது மகளாகப் பிறந்தமையால் எட்டாவது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழியே அவருக்குப் பெயராயிற்று. தந்தையார் ஜேம்ஸ் ஹில் தானிய வியாபாரியும் வங்கி முதலாளியுமாக இருந்தவர். பொதுநலப் பணிகளில் மிக்க ஆர்வமுள்ளவர். 1840-ஆம் ஆண்டில் அவர் முதலிழந்து கடனாளியானார். அந்த அதிர்ச்சியில் மனமும் கலங்கிற்று. குடும்ப பாரம் தாயார் கரோலின் அம்மையாரின் தலைமேல் விழுந்தது. தாய்வழிப் பாட்டனாராகிய டாக்டர் ஸவுத்வுட் ஸ்மித் இக்குடும்பத்தைத் தாங்கினார். லண்டன் ஜுரவைத்தியசாலையில் பணியாற்றிய இவ்வைத்தியர், ஏழைகளின் நோய்க்கு மருந்தின்மையைவிடச் சாக்கடையும் நெருக்கடியுமே பெருங்காரணம் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். பேத்தியின் உள்ளத்தில் அவ்வுண்மை இளமையிலேயே பதிந்து விட்டது.

1852-ஆம் ஆண்டில் தாயார் லண்டன் நகரில் பெண்களுக்கான ஒரு கூட்டுறவுத் தொழிற்சாலையை நிர்வகிக்கச் சென்றார். பொம்மை செய்யும் ஏழைச் சிறுமியரை மேற்பார்க்கும் பொறுப்பு, பதினான்கு வயதுகூட நிறையாத ஆக்டேவியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அச்சிறுமியர் வேலை முடிந்து எங்கே போகிறார்கள் என்பதை அவர் தொடர்ந்து சென்று பார்த்தார். ஒரே அறையில் ஒரு குடும்பம்; சில அறைகளில் இரண்டு குடும்பம். நீருக்குக் குழாயில்லை, ஜன்னலுக்குக் கண்ணாடியில்லை, விளையாடுவதற்குச் சந்தும் இல்லை. அவர்களை வெளியே அழைத்துச் சென்று புல்லையும் மரத்தையும் காட்டுவதை அந்நாளிலேயே தம் கடமைகளுள் ஒன்றாக அவர் மேற்கொண்டார்.

இக்காலத்தில்தான் ஜான் ரஸ்கின் என்னும் பேரறிஞரின் நட்பு அவருக்குக் கிட்டிற்று. ரஸ்கினின் பெயர் நம் நாட்டாருக்குப் புதியதன்று. 1904-ஆம் ஆண்டில் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் செல்லும் ரயிலில் மகாத்மா காந்தி படித்து, அதனால் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டு, பின்னர் 1908-இல் ஸர்வோதயம் என்ற பெயரால் குஜராத்தியில் சுருக்கித் தந்த நூலின் ஆசிரியர் இவரே. உடலுழைப்பின் மாண்பையும் எல்லோருடைய நலத்தையும் வற்புறுத்திய அந்நூலின் ஆசிரியரிடம் ஆக்டேவியா பல ஆண்டுகள் பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். ஓவியத்தில் அவருக்கிருந்த திறமையைவிட மனிதரிடத்தில் அவருக்கிருந்த அக்கறையே பெரிது என்பதை ரஸ்கின் கண்டுகொண்டார். 1864-இல் ரஸ்கினின் தந்தையார் காலமாகிப் பெருஞ்செல்வத்தை மகனுக்கு விட்டுச் சென்றார். மறு ஆண்டு அதில் 750 பவுன் கொண்டு, மாரிலபோன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்னும் சந்தில் மூன்று சிறு வீடுகளின் குத்தகையை ரஸ்கின் வாங்கி ஆக்டேவியாவிடம் ஒப்புவித்தார். பாரடைஸ் என்றால் சுவர்க்கம். அச்சந்தோ நரகத்துக்கு நிகராயிருந்தது. ரஸ்கின் விதித்த நிபந்தனை ஒன்றே: போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வருமானம் வர வேண்டும். இலாபத்தின் மேல் ஆசையினால் அவர் அதை விதிக்கவில்லை. தர்மமாக மட்டும் நடத்தினால் பிறர் எவரும் பின்பற்றமாட்டார்கள். நியாயமான வட்டியும் கிடைக்கும் என்று காட்டினால் முதலுள்ளவர் பலரும் முன்வருவர் என்பதே அவருடைய எண்ணம்.

அம்மையார் கையாண்ட முறை மிக எளியது. வாடகையை வாராவாரம் தாமே வீடு வீடாகச் சென்று வாங்கினார். பாக்கி வைக்க இடங்கொடுக்கவில்லை. அதே சமயத்தில் அடைபட்ட சாக்கடையைத் திறந்தார். குடிநீருக்கு வழி செய்தார். இற்றுப்போன கூரையைப் புதுப்பித்தார். ஓரறையில் நெருங்கிக் கிடந்த பெருங்குடும்பங்களுக்குச் சிறிது கூடுதலான வாடகையில் இரண்டறை கிடைக்கச் செய்தார். வருமானத்தில் 5 வீதம் போக எஞ்சிய தொகை வீட்டின் செப்பத்துக்கே செலவாயிற்று. எதைச் செப்பனிடுவது என்பதில் குடியிருப்போரின் விருப்பத்தையும் கேட்டார். பொருள்களை உடைத்தால் மீதம் குறையும், பேணினால் மீதம் வளரும் என்பது அவர்களுக்கே விளங்கிற்று. வேலையற்றுத் தவித்த குடித்தனக்காரருக்கு அப்பழுதுபார்க்கும் வேலையையே கொடுத்தார். அடுத்த ஆண்டில் ரஸ்கின் மேலும் சில வீடுகளை வாங்கிக் கொடுத்தபோது, அவற்றின் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைக் குழந்தைகள் விளையாடும் முற்றமாக்கினார். இம்முறையைக் கற்றுக்கொள்ளப் பல பெண்கள் அவரிடம் வந்து சேர்ந்தனர். பெண்களுக்கு உத்தியோகம் என்பதே அரிதாயிருந்த அந்நாளில், வீட்டு நிர்வாகம் ஒரு தொழிலாக அவர் கையில் உருப்பெற்றது.

வீடு மட்டும் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். நகரத்து ஏழைகளுக்கு நான்கு வகையான திறந்த வெளிகள் வேண்டும் என்று அவர் வகுத்தார்: உட்காருவதற்கு இடம், விளையாடுவதற்கு இடம், உலாவுவதற்கு இடம், ஒரு நாள் முழுவதும் கழிப்பதற்கு இடம். முதலிரண்டும் வீட்டு வாயிலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் இருத்தல் அவசியம். ஏனெனில் கைக்குழந்தையுடன் வண்டிச் சத்தம் கொடுத்துத் தூரத்துப் பூங்காவுக்குச் செல்லத் தொழிலாளி மனைவியால் இயலாது. 1875-இல் ஸ்விஸ் காட்டேஜ் வயல்களை வீடு கட்டுவோரிடமிருந்து மீட்க அவர் செய்த முயற்சி தோல்வியுற்றது. மனம் தளராமல் அவர் பின்னும் போராடினார். 1889-இல் பார்லிமெண்ட் ஹில் என்னும் மேட்டுநிலம் பொதுமக்களுக்கென்று மீட்கப்பட்டதில் அவருக்கும் பெரும் பங்குண்டு.

இனி, நாம் முதலில் கூறிய ஆற்றங்கரைக்கு வருவோம். தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள ஸதர்க், லண்டன் நகரின் பழமையான தொழிற்பகுதிகளுள் ஒன்று. மது காய்ச்சும் ஆலைகளும், அம்மதுவுக்குச் சேர்க்கும் ஹாப் என்னும் பூவைச் சேமிக்கும் கிடங்குகளும், படகுத்துறைகளும் அங்கே நெருங்கி நின்றன. அவற்றின் இடுக்குகளில் ஜனங்கள் வசித்தனர். துறைமுகக் கூலிகளை அன்றன்று விடியற்காலையில் வாயிலில் நின்றே வேலைக்குத் தேர்ந்தெடுப்பது வழக்கமாதலால், வேலைத்தலத்துக்கு நடந்து செல்லும் தூரத்துக்கு அப்பால் அவர்களால் குடியிருக்க முடியாது. இந்த வட்டாரத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துக்களைப் பரிபாலித்த கமிஷனர்களுக்கு விஸ்தாரமான நிலம் இருந்தது. அங்கிருந்த வீடுகளின் கேவல நிலை சபைக்கு அபகீர்த்தியாக முடியவே, 1884-ஆம் ஆண்டில் கமிஷனர்கள் அம்மையாரை அழைத்து நிர்வாகத்தை ஒப்படைத்தனர்.

அந்நிலத்தில் ரெட் கிராஸ் தெருவை ஒட்டி ஒரு பாழ்மனை கிடந்தது. அதன் ஒரு பாதியில் இருந்த காகித ஆலை தீப்பட்டு அழிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. எரிந்தும் எரியாததுமான காகிதம் நாலைந்து அடி உயரத்துக்குக் குவிந்து, மழையில் ஊறி, துர்நாற்றம் வீசிக்கொண்டிருந்தது; ஊரார் குப்பையும் அதன்மேல் கொட்டப்பட்டது. மறு பாதியில் பல மாடிப் பண்டசாலை ஒன்று, எதிரிலுள்ள தொழிலாளர் குடியிருப்புக்களின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றது. இந்நிலத்தைக் கமிஷனர்கள் அம்மையாரிடம் கொடுத்தனர்; நண்பர்கள் பொருளுதவி செய்தனர். காகிதக் குவியலை வண்டியேற்றி அகற்றுவதற்கு மிகுந்த பணம் பிடிக்கும். ஆதலால் அதனை அங்கேயே சிறிது சிறிதாகக் கொளுத்தினார்கள். இரவும் பகலும் அணையாமல் ஏறக்குறைய ஆறு வாரம் அந்நெருப்பு எரிந்தது. அந்தச் சாம்பலே தோட்டத்து மண்ணுக்கு உரமாயிற்று. பிறகு பண்டசாலையை இடித்தார்கள். எதிர் வீட்டாரின் ஜன்னல்களுக்குச் சூரிய ஒளியும் வானத்தின் காட்சியும் கிடைத்தன.

1887-ஆம் ஆண்டில் தோட்டம் திறக்கப்பட்டது. வளைந்து செல்லும் நடைபாதைகள், ஒரு சிறு குளம், நீரூற்று, வாத்தியம் வாசிப்பதற்கு மேடை, மழைநாளிலும் குழந்தைகள் விளையாடுவதற்குக் கூரையிட்ட இடம் ஆகியவை அதில் அமைந்தன. தோட்டத்தை நோக்கியவாறு ஆறு சிறு வீடுகளைக் கட்டடக் கலைஞர் எலைஜா ஹூல் அமைத்துக் கொடுத்தார். பின்னால் 1890-இல் மேலும் சில வீடுகள் எழுந்தன. அடுக்கடுக்கான பெருங்கட்டடங்களை அம்மையார் விரும்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வாயிற்படியும், வாயிற்படியைத் தாண்டினால் பூச்செடியும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவேதான் அவ்வீடுகள் கிராமத்து வீடுகளைப்போல் முக்கோணக் கூரையும் சிறு ஜன்னல்களும் கொண்டு, ஆலைகளின் நடுவே கண்ணுக்கு இதமாக நின்றன. அவற்றில் குடியேறியவர்கள் அத்தெருக்களின் தொழிலாளர்களே என்பதை நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

தோட்டத்தின் ஓரத்தில் சங்கீதத்துக்கும் நாடகத்துக்கும் மாலை நேரக் கூட்டங்களுக்கும் பயன்படும் மண்டபம் ஒன்று 1888-இல் எழுந்தது. அதன் சுவர்களுக்கு அரசர்களின் உருவங்களை அம்மையார் தேடவில்லை. சாதாரண ஜனங்களின் வீரச்செயல்களை ஓவியர் வால்ட்டர் கிரேன் வரையத் தொடங்கினார். முதல் ஓவியம் ஆலிஸ் அயர்ஸ் என்னும் பெண்ணைப் பற்றியது. தமக்கையின் வீட்டில் பணிசெய்து வந்த இவ்விளம்பெண், 1885-இல் அதே ஸதர்க்கில் யூனியன் தெருவில் வீடு தீப்பற்றியபோது, மெத்தையைக் கீழே எறிந்து, அதன்மேல் குழந்தைகளை ஒருவர்பின் ஒருவராக இறக்கிவிட்டுத் தாம் உயிர் நீத்தவர். தோட்டத்தை ஒட்டிய தெரு 1936-இல் அவர் பெயரைப் பெற்றது. தங்களுக்குத் தெரிந்த ஒருத்தியின் உருவம் தங்கள் மண்டபத்தில் விளங்குவதைக் கண்ட ஏழைகளுக்கு, இவ்விடம் நமது என்ற எண்ணம் ஏற்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அம்மையாரின் புகழை மட்டும் பாடி நிறுத்துவது நடுநிலைமையாகாது. அவர் கண்டிப்பு மிகுந்தவர். வாடகை தவறியவர்களையும் ஒழுங்கு மீறியவர்களையும் வெளியேற்றத் தயங்கியதில்லை. ஏழை செய்யும் பிழையைப் பெரிதாகவும், கூலியின் குறைவைச் சிறிதாகவும் அவர் கருதினார் என்று சொல்ல இடமுண்டு. 1877-இல் ரஸ்கினுடன் மனத்தாங்கல் நேர்ந்தது. ரஸ்கினிடம் காரியத்திறமை குறைவு என்னும் கருத்தை அம்மையார் வெளியிட்டதாகக் கேள்விப்பட்டு வெகுண்ட அவர், இருவருக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்தைப் பகிரங்கமாக அச்சிட்டார். அம்மையாரின் உடலும் மனமும் அதனால் நைந்தன. நகரசபைகள் தாமே வீடு கட்டி வாடகைக்கு விடுவதை அம்மையார் எதிர்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதையும் எதிர்த்தார். இவ்விரண்டிலும் காலம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்திருக்கிறது. லண்டன் போன்ற மாநகரின் வீட்டுப் பஞ்சத்தைச் சில தனவந்தரின் நல்லெண்ணத்தால் தீர்க்க முடியாது; பொது நிதியும் பொது அதிகாரமும் வேண்டியே இருந்தன. அவர் கையால் அமைந்த வீடுகள் தேவையின் முன் மிகச் சில. ஆயினும் எண்ணிக்கையில் தோற்ற இடத்திலும் முறையில் அவர் தோற்கவில்லை என்பதே நம்முடைய கருத்து.

அவருடைய பிற்காலம் ஓயாத உழைப்பிலேயே கழிந்தது. 1895-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹண்டர், கானன் ரான்ஸ்லி ஆகிய இருவருடன் சேர்ந்து, அழகிய நிலங்களையும் பழங்கட்டடங்களையும் தேசத்துக்கென்று என்றென்றைக்கும் காத்துவைக்கும் நாஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். இன்றும் அது பிரிட்டனின் பெரிய நிலவுடைமை ஸ்தாபனங்களுள் ஒன்றாக விளங்குகிறது. வால்வொர்த் என்னும் பகுதியில் திருச்சபைக்குச் சொந்தமான சுமார் 22 ஏக்கர் நிலம் குத்தகை முடிந்து திரும்பியபோது, அதனை அதிக விலைக்கு விற்றுவிடாமல் தொழிலாளர் குடியிருப்பாகவே புதுப்பிக்கும்படி செய்ததில் அவர் ஆலோசனை பெரிதும் உதவிற்று. 1905 முதல் 1909 வரையில் ஏழைகள் சட்டத்தை ஆராய்ந்த ராயல் கமிஷனில் அங்கத்தினராக இருந்தார். 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி காலமானார். கென்ட் ஜில்லாவில் கிராக்கம் ஹில் என்னும் சிற்றூரில், சகோதரி மிராண்டாவின் அருகில் அவரை அடக்கம் செய்தனர்.

அவர் மறைந்தபின் தேம்ஸ் கரை முற்றிலும் மாறிற்று. 1960-க்குப் பின் சரக்குக் கப்பல்கள் பெருத்து, பெட்டிகளில் சரக்கேற்றும் முறை வந்து, வியாபாரம் கடலை நோக்கி டில்பரிக்குச் சென்றுவிட்டது. துறைகளும் பண்டசாலைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போயிற்று, ஜனங்களும் போயினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 50,000 பேர் வசித்த தென்கரைப் பகுதியில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 4,000 பேரே எஞ்சினர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ரெட் கிராஸ் தோட்டத்திலிருந்து சுமார் ஒரு மைல் தொலைவில், காயின் தெருவை ஒட்டிய ஆற்றோர நிலத்தில், வானளாவிய காரியாலயக் கட்டடங்களை எழுப்பத் திட்டம் வந்தது. எஞ்சியிருந்த குடிகள் ஒன்று திரண்டு, வீடுகளே வேண்டும் என்று 1977 முதல் ஏழாண்டுகள் போராடினர். இறுதியில் 1984-ஆம் ஆண்டு லண்டன் மாநகர் மன்றம் 13 ஏக்கர் நிலத்தை அவர்கள் அமைத்த ஸ்தாபனத்துக்கே பத்து லட்சம் பவுனுக்கு விற்றது. அங்கே நான்கு கூட்டுறவுச் சங்கங்களின் 220 வீடுகள் எழுந்தன. மாமிசச் சாறு செய்யும் கம்பெனி விட்டுச் சென்ற ஆக்ஸோ கோபுரக் கட்டடத்தில் கீழே கடைகளும் மேலே குடும்பங்களுமாக 78 வீடுகள் அமைந்தன. ஆற்றோரம் நெடுகப் பொதுமக்கள் தடையின்றி நடந்து செல்லப் பாதையும், அதன் அருகில் புல்வெளியும் தோன்றின. அவ்வீடுகளில் வசிப்போர் அவற்றை விற்று இலாபம் பெற முடியாது. வாடகை தம் வருவாய்க்குத் தாங்குமாறு அவர்கள் வாழலாம். அம்மையார் எதிர்த்த பொது அதிகாரமும், அம்மையார் விதைத்த கொள்கையும் இங்கே ஒன்றுசேர்ந்து பலன் தந்தன என்பது கவனிக்கத்தக்கது.

அதே காலத்தில், 1981-இல் தொடங்கிய வேறொரு திட்டத்தின்படி, ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள பழைய கப்பல்துறைகளில் காரியாலயக் கோபுரங்களும் செல்வர் மாளிகைகளும் எழுந்தன. அங்கே முதலீடு பெருகிற்று, வேலைகளும் உண்டாயின. ஆனால் அக்கரையில் பிறந்த துறைமுகக் கூலியின் மகனுக்கு அந்த மாளிகைகளில் இடமில்லை. ஒரே நதி, ஒரே நூற்றாண்டு, இரண்டு வழிகள். எது சுலபம் என்று கேட்டால் இரண்டாவதே சுலபம். எது நியாயம் என்ற கேள்விக்கு விடை சொல்ல அதிக ஆலோசனை வேண்டியதில்லை.

ரெட் கிராஸ் தோட்டம் இடையில் களையிழந்து, 2006-ஆம் ஆண்டில் பழைய அமைப்புக்கேற்பப் புதுப்பிக்கப்பட்டது. பக்கத்திலுள்ள பழைய மின்சார நிலையம் 2000-ஆம் ஆண்டில் ஓவியக் கண்காட்சி சாலையாக மாறி உலகத்தாரை இழுக்கிறது. அவ்வட்டாரத்து நிலத்தின் விலை சாமானியர் நினைத்துப் பார்க்கவொண்ணாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. எனினும் காகிதச் சாம்பலின் மேல் எழுந்த அந்தச் சிறு வீடுகள் இன்றும் இடியாமல் நிற்கின்றன. தோட்டத்தின் ஆசனங்களில் யாரும் கட்டணமின்றி உட்காரலாம்.

ஆற்றோரத்து ஆலைநிலம் எங்கெல்லாம் கைமாறுகிறதோ, அங்கெல்லாம் பொறுப்பிலுள்ளவர்கள் இவ்வம்மையார் செய்ததை நினைவிற் கொள்வார்களாக. நிலத்தை அளக்கும் முன் அதன் அருகில் வாழ்வோரை அவர் எண்ணினார். வீட்டுக்கு முன் சாக்கடையையும் நீரையும் கவனித்தார். வேலைக்கும் கடைக்கும் விளையாட்டுக்கும் நடந்தே போகலாம் என்ற தூரத்தை விட்டு ஏழைகளை அவர் அகற்றவில்லை. அழகு செல்வருக்கு மட்டும் உரியது என்று அவர் நினைக்கவில்லை. ஆலை மூடிய நாளில் அந்தக் கரையில் எந்தக் குடும்பங்கள் இருந்தனவோ, பூங்கா திறக்கும் நாளிலும் அதே குடும்பங்கள் அங்கே இருக்க வேண்டும். இந்த ஒரு சோதனையில் தேறாத திட்டம் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், அதனை நகரத்தின் சீர்திருத்தம் என்று அழைக்க நாம் ஒருப்படோம்.